குப்பை லொறியும் பழைய கோவையும்



நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவுக்கு வாசியுங்கள். முதல் பந்தியை மட்டும் வாசித்துவிட்டுக் கீழே வந்து ஏச வேண்டாம்.

போன மாதம் நமது சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைக்கு வரவில்லை. சந்தைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனோம். மீன் கடைத் தெருவில் காகமும் நாயும் பையைக் கிழித்து இழுத்ததை எல்லோரும் படம் எடுத்துப் போட்டோம். டெங்கு பயம் வேறு. கோபம் வந்தது நியாயம். எனக்கும் வந்தது.

ஆனால் நமதூர் வட்ஸ்அப் குழுமங்களில் அந்த ஆறு நாளும் ஓடிய பேச்சை நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். "நாலு பேரை நிப்பாட்டினா மத்தவன் தானா வருவான்." "வெளியூர்ல இருந்து ஆள் எடுங்க." "சட்டத்துக்கு மாறான வேலை, பொலிஸ்ல குடுங்க." எழுதியவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் உண்டு, எனக்குப் படிப்பித்த ஒரு பெரியவரும் உண்டு. அந்தத் தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள், எத்தனை வருடமாகக் கேட்கிறார்கள், சபை அதற்கு முன்னர் என்ன பதில் எழுதியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

2021 ஞாபகம் இருக்கிறதா? ஜூலை மாதம் நாங்கள் ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பை நிறுத்தினோம். ஒக்டோபர் வரை போனது. 24 வருடச் சம்பள முரண்பாடு என்று தொண்டை கிழியச் சொன்னோம். அப்போதும் இதே ஊர், இதே வார்த்தைகள். "பிள்ளைகளின் படிப்போடு விளையாடுறாங்க", "இவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு வேலையில்லாப் பட்டதாரிகளைப் போடுங்க." சுபோதினி குழு என்று ஒன்று இருந்தது, அது ஓர் அறிக்கை கொடுத்தது என்பதைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விளங்கப்படுத்தவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அறிக்கையைக் கையில் வைத்துக் காட்டியபோதுதான் சிலர் "அப்படியா சேர்" என்றார்கள். வாயால் சொன்னது எடுபடவில்லை, கடுதாசி எடுபட்டது. அதை நான் மறக்கவில்லை.

அதனால் இந்த முறை ஒரு வேலை செய்தேன். நமது சபையில் முன்பும் ஒருமுறை சுத்திகரிப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது, என் வாப்பா காலத்தில். அந்த வருடத்துச் சபைக் கூட்ட அறிக்கைகளைத் தாருங்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் கொடுத்தேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொன்னார்கள், அதில் குறை இல்லை. பதில் ஒரு வரி. உரிய கோவையைக் காணக் கிடைக்கவில்லையாம். வெள்ளத்தில் போனதா, கறையான் அரித்ததா, பழைய கடுதாசிக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. அந்த அலுவலரில் எனக்குக் கோபம் இல்லை. பாவம், அவர் பிறப்பதற்கு முந்திய கோவை அது.

இந்த இடத்தில் உங்களை வேறொரு நகரத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. நமதூர்க் கோவை இல்லை. அந்த நகரத்தின் கோவை இருக்கிறது. அதுதான் காரணம்.

மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரியாதவர் இல்லை. 1968 ஏப்ரல் 4ஆம் திகதி, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் என்ற நகரத்தில் ஒரு விடுதியின் மாடி வராந்தாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எதற்காக அந்த நகரத்துக்குப் போனார் என்று பத்தாம் ஆண்டு வகுப்பில் கேட்டேன். "வாக்குரிமை", "கறுப்பர் உரிமை" என்று பதில் வந்தது. ஒரு பிள்ளைக்கும் சரியான காரணம் தெரியவில்லை. ஆசிரியர் அறையில் கேட்டேன், அங்கேயும் அதே கதை. அவர் போனது குப்பை அள்ளுகிறவர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக.

1968 பெப்ரவரி 1ஆம் திகதி. நல்ல மழை. எக்கோல் கோல், ரொபர்ட் வோக்கர் என்று இரண்டு தொழிலாளர்கள். ஒருவருக்கு 36 வயது, மற்றவருக்கு 30. மழைக்கு ஒதுங்க இடம் இல்லை. குப்பை எடுக்கும் வீடுகளின் வாசலில் அவர்கள் ஒதுங்குவது அழகாக இல்லை என்று வெள்ளைக்கார வீட்டுக்காரர்கள் முன்பே முறைப்பாடு செய்து, அது தடுக்கப்பட்டிருந்தது. லொறியின் முன்பக்கத்தில் எல்லோருக்கும் இடம் போதாது. அதனால் இருவரும் பின்னால், குப்பையை அமுக்குகிற தொட்டிக்குள் ஏறி நின்றார்கள். இயந்திரம் தானாக இயங்கியது. உள்ளே இழுத்து நசுக்கிவிட்டது.

அந்த வகைப் பழைய லொறிகள் ஆபத்தானவை, மாற்றுங்கள் என்று தொழிலாளர்கள் அதற்கு முன்பே முறையிட்டிருந்தார்கள். மாற்றவில்லை.

இருவரும் மணிக்கணக்கில் கூலி வாங்கியவர்கள். நிரந்தரப் பட்டியலில் பெயர் இல்லை, நட்டஈட்டுத் திட்டத்திலும் இல்லை. நகரம் அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டொலரும். அதுவும் உரிமையாக இல்லை, விரும்பிக் கொடுத்த உதவி என்ற கணக்கில். "அமைய அடிப்படை" என்று நாம் சொல்கிறோமே, அந்த இரண்டு சொல்லுக்கு அங்கே அர்த்தம் அதுதான். நமது சபை லொறியில் பின்னால் தொங்கிக்கொண்டு போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அமைய அடிப்படை என்று யாருக்காவது தெரியுமா?

அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, ஜனவரி இறுதியில், வடிகால் வேலை செய்த இருபதுக்கு மேற்பட்ட கறுப்பினத் தொழிலாளர்களை மழை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைய நாள் சம்பளம் இல்லை. வெள்ளையர்களான மேற்பார்வையாளர்கள் உள்ளே இருந்து முழுச் சம்பளம் எடுத்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்துதான் பெப்ரவரி 12 வந்தது. ஏறத்தாழ 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை.

இனி நகர நிர்வாகம் என்ன செய்தது என்று பார்ப்போம்.

மேயர் ஹென்றி லோப். பதவி ஏற்று ஆறு வாரம் கூட ஆகவில்லை. ஆனால் ஆள் புதிது இல்லை. ஐம்பதுகளில் பொதுவேலைகள் ஆணையாளராக இருந்தவர், அதாவது இதே குப்பைப் பிரிவு அவருக்குக் கீழேதான் இருந்தது. பிறகு ஒருமுறை மேயராகவும் இருந்தார். குடும்பத்துக்கு நகரம் முழுக்கச் சலவைக் கடைகள். நேர்மையானவர், கைசுத்தம் என்ற பெயரும் இருந்தது. இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். இலஞ்சம் வாங்காத மனிதர் என்பதும், தன் தொழிலாளர் சொல்வதைக் கேட்கிற மனிதர் என்பதும் இரண்டு வேறு விசயம். நாம் தேர்தலில் முதலாவதை மட்டும்தான் பார்க்கிறோம்.

அவருடைய முதல் பதில், இது சட்டவிரோதம். அவர் கையில் ஒரு கடுதாசியும் இருந்தது. 1966இல் இதே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானபோது அன்றைய நகர நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கியிருந்தது. அதை எடுத்துக் காட்டினார். அதற்கும் முன்பு, 1963இல், சங்கம் சேர்க்க முயன்றதற்காக 33 பேரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான டி. ஓ. ஜோன்ஸ்தான் பிறகு சங்கத்தைக் கட்டினார். அந்தச் சங்கக் கிளையின் இலக்கம் 1733. நீக்கப்பட்ட 33 பேரின் நினைவு அந்த இலக்கத்தில் இருக்கிறது.

1963இல் ஒரு கோவை, 1966இல் ஒரு கோவை. வேலைநிறுத்தம் 1968 பெப்ரவரி 12இல் தொடங்கியது என்று செய்தித்தாள் எழுதும். கோவையைப் பார்த்தால் ஐந்து வருடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. போன மாதம் நமதூரில் "திடீர்ப் பணிப்பகிஷ்கரிப்பு" என்று செய்தி போட்டார்கள். அது திடீரா இல்லையா என்று சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

மெம்பிஸில் இரண்டாவது பதில், கெடு. குறித்த நாள் காலைக்குள் வராவிட்டால் வேறு ஆள் எடுப்போம் என்றார் மேயர். எடுத்தார். பொலிஸ் காவலோடு லொறிகள் ஓடின. நமது குழுமங்களில் எழுதப்பட்ட யோசனைதான், ஒரு எழுத்து மாறாமல். அங்கே அதைச் செய்து பார்த்தார்கள். வேலைநிறுத்தம் நிற்கவில்லை.

மூன்றாவது பதில்தான் எனக்குப் பெரிய பாடம். அதைச் செய்தது மேயர் இல்லை, நகர சபை. அந்த வருடம் ஜனவரியில்தான் மெம்பிஸில் புதிய நகர சபை முறை வந்திருந்தது. 13 உறுப்பினர்கள், அவர்களில் மூவர் கறுப்பர்கள். பெப்ரவரி 22ஆம் திகதி பிரெட் டேவிஸ் தலைமையிலான பொதுவேலைகள் குழு தொழிலாளர் தரப்பைக் கேட்க இருந்தது. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் சபா மண்டபத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டார்கள். பாணும் இறைச்சியும் கொண்டுவந்து அங்கேயே சான்ட்விச் செய்து சாப்பிட்டார்கள். பதில் தெரியாமல் எழும்ப மாட்டோம் என்றார்கள். கடைசியில் குழு, சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லிச் சபைக்குப் பரிந்துரை செய்வதாக ஒத்துக்கொண்டது. எல்லோரும் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் 23ஆம் திகதி முழுச் சபையும் கூடியது. முதல்நாள் பரிந்துரை மேசைக்கு வரவே இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு தீர்மானம் வாசிக்கப்பட்டது. தொழிலாளர் விவகாரம் மேயரின் அதிகாரத்துக்குட்பட்டது என்று சொல்லும் தீர்மானம். நிறைவேற்றினார்கள், கூட்டத்தை முடித்தார்கள், எழும்பிப் போனார்கள். மண்டபம் நிறைய மனிதர்கள் உட்கார்ந்திருக்க.

பந்தை மேயரிடம் எறிந்துவிட்டால் தங்கள் கை சுத்தம் என்று நினைத்தார்கள். அன்று பின்னேரம் தொழிலாளர்களும் மதத் தலைவர்களும் பிரதான வீதியில் ஊர்வலம் போனபோது பொலிஸ் அடித்தது, கண்ணில் எரிபுகை அடித்தது. அதுவரைக்கும் இது குப்பைக்காரர் பிரச்சினை என்று ஒதுங்கியிருந்த தேவாலயப் போதகர்கள், ஜேம்ஸ் லோசன் போன்றவர்கள், மறுநாளே ஒன்றுசேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். நகரம் அதே 24ஆம் திகதி நீதிமன்றத்தில் புதிய தடையுத்தரவும் வாங்கியது. முழு நகரமும் இரண்டாகப் பிரிந்தது. கறுப்பின மக்கள் நகர மையக் கடைகளில் சாமான் வாங்குவதை நிறுத்தினார்கள். நான் ஒரு மனிதன் என்ற வாசகம் எழுதிய மட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தொழிலாளர்கள் தினமும் வீதியில் நடந்தார்கள். அந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். சம்பளத்தைப் பற்றி அந்த மட்டையில் ஒரு சொல்லும் இல்லை.

மார்ச் 28ஆம் திகதி கிங் தலைமையில் நடந்த ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. லெரி பெய்ன் என்ற 16 வயதுப் பிள்ளையைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. ஊரடங்குச் சட்டம். ஏறத்தாழ 4,000 தேசியக் காவற்படையினர். ஏப்ரல் 4ஆம் திகதி கிங் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகுதான் ஜனாதிபதி ஜோன்சன் தொழில் அமைச்சின் பிரதிச் செயலாளரை அனுப்பி வைத்தார், ஏப்ரல் 16ஆம் திகதி உடன்பாடு வந்தது.

என்ன உடன்பாடு? இதைக் கவனமாக வாசியுங்கள். சங்கத்துக்கு அங்கீகாரம். மணிக்கு 10 சதம் மே மாதம், இன்னும் 5 சதம் செப்டெம்பரில். முறைப்பாடு செய்ய ஒரு ஒழுங்கு. சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் கழிக்க மாட்டேன் என்று மேயர் இரண்டு மாதம் பிடிவாதமாக நின்றார் அல்லவா, அதற்கு ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். ஊழியர் கடன் கூட்டுறவு மூலம் கழிப்பது, நகரம் நேரடியாகத் தொடுவதில்லை. சம்பள உயர்வின் முதல் பகுதிக்குக் காசு இல்லை என்றபோது நகரத்து மருந்துக் கம்பனி முதலாளி ஏப் பிளவ் தன் பெயரை வெளியே சொல்லாமல் கொடுத்தார்.

15 சதம். கூட்டுறவு மூலம் ஒரு கழிவு. இதை பெப்ரவரி 23ஆம் திகதி சபை மண்டபத்தில் முடித்திருக்கலாம். மூன்று கதிரையும் ஒரு மேசையும் போதும். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது என்று சொன்னால் மிகை என்பீர்கள், ஆனால் உண்மை.

இனி, இந்தக் கதை எனக்கு எப்படித் தெரியும்? அதுதான் இந்தப் பதிவின் நடு விசயம்.

மேயர் லோபுக்கு அந்த நாட்களில் கடிதங்கள் குவிந்தன. பெரும்பாலானவை அவரை ஆதரித்தவை. விட்டுக்கொடுக்காதீர்கள் என்று எழுதியவர்கள், கறுப்பர்களைக் கேவலமாக ஏசி எழுதியவர்கள், இவர்களுக்கு நடுவே நியாயத்தைச் சொன்ன சிலர். அவருடைய கடிதங்களும் கோவைகளும் இன்று மெம்பிஸ் பொது நூலகத்தில் ஓர் அறையில் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஆய்வாளர்கள் போய் வாசிக்கிறார்கள். மேயர் ஏன் அப்படி நின்றார் என்று விளங்க அந்தக் கடிதங்கள் வேண்டும். அவர் தனியாக நிற்கவில்லை. தினமும் தபாலில் வந்து தோள் தட்டிய ஒரு ஊர் அவருக்குப் பின்னால் நின்றது. அன்று தபால், இன்று வட்ஸ்அப். வித்தியாசம் என்னவென்றால், நமது குழுமத்துச் செய்திகளை யாரும் நூலகத்தில் வைக்கப் போவதில்லை. எழுதியவரே அழித்துவிடுகிறார். போன மாதம் ஏசியவர்களில் பாதிப்பேர் இப்போது "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்கிறார்கள்.

அதே நகரத்தில் அழிக்கப்பட்ட கோவையும் உண்டு. மெம்பிஸ் பொலிஸில் உளவுப் பிரிவு ஒன்று இருந்தது. வேலைநிறுத்தக் காலத்தில் யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார், என்ன பேசினார் என்று எழுதியது. போராட்டக்காரர்களுக்குள் மாறுவேடத்தில் ஒரு பொலிஸ்காரரும் இருந்தார். 1976இல் சிலர் தங்களைப் பற்றிய கோவைகளைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். சட்டத்தரணிகள் வழக்கு, தடையுத்தரவு என்று நீதிமன்றத்துக்கு ஓடிக்கொண்டிருக்க, அப்போதைய மேயர் வைத் சாண்ட்லர் அந்தக் கோவைகளை எரிக்கச் சொன்னார். எரித்தார்கள். பெட்டி பெட்டியாக.

எரித்தும் முடிந்ததா? இல்லை. வழக்கு நடந்து, 1978இல் ஒரு நீதிமன்ற இணக்க ஆணை வந்தது. அரசியல் காரணத்துக்காக மக்களை உளவு பார்ப்பதை மெம்பிஸ் நகரம் செய்யக்கூடாது என்று எழுத்தில். நாற்பது வருடம் அது அலுமாரியில் கிடந்தது. 2017இல் நகர மண்டபத்துக்குள் பொலிஸ் துணையின்றிப் போகக்கூடாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல், பதிவுகளைக் கேட்டு வாங்கியதில் வெளியே வந்தது. அதில் போராட்டக்காரர்களின் பெயர்கள். யாரோ அந்த 1978 கடுதாசியை ஞாபகப்படுத்தினார்கள், வழக்குப் போட்டார்கள், 2018இல் சமஷ்டி நீதிமன்றம் நகரம் அந்த ஆணையை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு பழைய கடுதாசி நாற்பது வருடம் கழித்து எழும்பி வந்து சாட்சி சொன்னது.

இன்னொன்று. நகரப் பொலிஸ் எரித்தது, ஆனால் அவர்கள் மத்திய புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பிய தகவல்கள் அங்கே இருந்தன. அந்த வேலைநிறுத்தத்தின் மிகப் பிரபலமான படங்களை எடுத்த ஏர்னஸ்ட் விதர்ஸ் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர் மௌத்தாகி மூன்று வருடம் கழித்து, 2010இல், அவர் புலனாய்வுப் பிரிவுக்குத் தகவல் கொடுத்தவர் என்ற செய்தி வெளியானது. அதுவும் பழைய பதிவுகளைத் தோண்டிய ஒரு பத்திரிகையாளரால். கோவை நமக்குப் பிடித்த உண்மையை மட்டும் சொல்லாது. வசதியில்லாததையும் சொல்லும். அந்தப் பயத்தில்தான் பல இடங்களில் கறையான் வருவதற்கு முன்பே கோவை காணாமல் போகிறது என்பது என் சந்தேகம். (இது பொதுவான சந்தேகம். நமது சபையைச் சொல்லவில்லை.)

ஓய்வூதியக் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நமக்கு மிக நெருக்கம். 1968இல் வென்றபோது அந்தத் தொழிலாளர்கள் நகரத்தின் ஓய்வூதியத் திட்டத்தில் சேரவில்லை, மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைத் தெரிவு செய்தார்கள். அன்றைக்கு அது நல்ல முடிவாகத் தெரிந்தது. வயதானபோது அந்தக் காசு போதவில்லை. எண்பது வயதிலும் குப்பை லொறியில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். 2017இல் நகரம் இதை ஒரு குறை என்று ஒத்துக்கொண்டு, உயிரோடிருந்த 14 பேருக்கு ஆளுக்கு 50,000 டொலர் கொடுக்க முடிவு செய்தது, பிறகு அதை 70,000 ஆக்கியது. 1,300 பேரில் 14 பேர். மற்றவர்களின் மையவாடிக்கு நட்டஈடு அனுப்ப முடியாது.

அந்தக் கொடுப்பனவை வாங்க நீங்கள் 1968இல் வேலையில் இருந்தவரா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பெயர் ஏதாவது ஏட்டில் இருக்க வேண்டும். நமது சபையில் இருபது வருடம் பதிலீட்டில் வேலை செய்து நோயாளியாகி வீட்டில் இருக்கும் ஒரு காக்காவை எனக்குத் தெரியும். அவர் எந்த வருடம் சேர்ந்தார் என்பதற்கு அவரிடம் உள்ள ஒரே அத்தாட்சி ஒரு பழைய வருகை இடாப்பின் மங்கிய போட்டோப் பிரதி. அதையும் நனைந்துவிடும் என்று பொலித்தீனில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், தகவல் கேட்கிற உரிமையை மட்டும் தரவில்லை. பகிரங்க அதிகார சபைகள் பதிவுகளை ஒழுங்காக, தேடி எடுக்கக்கூடிய விதத்தில் பேண வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் வரும்போது இருந்த பதிவுகளைக் குறைந்தது பத்து வருடமும், புதியவற்றைப் பன்னிரண்டு வருடமும் வைத்திருக்க வேண்டும். நமது சபை உறுப்பினர்களில் எத்தனை பேர் அந்தப் பிரிவை வாசித்திருப்பார்கள் என்று கேட்டால் மனவருத்தம் வரும், கேட்கவில்லை. ஆனால் ஒரு கோரிக்கை வைக்கிறேன். போன மாத வேலைநிறுத்தம் சம்பந்தமான எல்லாக் கடுதாசியும், தொழிலாளர் கொடுத்த மகஜர், சபை எழுதிய பதில், சபைக் கூட்ட அறிக்கை, ஆறாம் நாள் கையெழுத்தான உடன்பாடு, எல்லாம் ஒரே கோவையில் இலக்கம் போட்டு வைக்கப்பட வேண்டும். அந்த உடன்பாட்டின் பிரதி ஒன்று பொது நூலகத்துக்கு வர வேண்டும். தவிசாளரிடம் நேரில் சொன்னேன், தலையாட்டினார். இப்போது எழுத்திலும் கொடுத்திருக்கிறேன், பதிவுத் தபாலில், துண்டு என்னிடம் இருக்கிறது.

எல்லாவற்றையும் சபையில் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்கவும் முடியாது. மெம்பிஸில் கிங் கொல்லப்பட்ட பிறகு டேவிட் யெலின், கெரோல் லின் யெலின் என்ற தம்பதியும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். அரசாங்கம் அவர்களைக் கேட்கவில்லை. தொழிலாளர், போதகர், சபை உறுப்பினர், பொலிஸ் என்று எல்லாத் தரப்பையும் தேடிப்போய் ஒலிப்பதிவு செய்தார்கள். துண்டுப் பிரசுரம், கடிதம், பத்திரிகை நறுக்கு, உள்ளூர்த் தொலைக்காட்சிகளின் செய்திப் படச்சுருள் வரை கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். இன்று அது மெம்பிஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அவர்கள் ஞாபகம் சூடாக இருக்கும்போதே போனார்கள். நாங்கள் வாப்பாமாரிடம் கேட்காமல் விட்டதைத்தான் இப்போது சபைக் கோவையில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எனது பதினோராம் ஆண்டு மாணவர்கள் ஐந்து பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வாப்பா காலத்து வேலைநிறுத்தத்தைப் பற்றியும் போன மாதத்ததைப் பற்றியும் சேர்க்கத் தொடங்குகிறோம். தொழிலாளர் பக்கமும் வேண்டும், அன்றைய சபை உறுப்பினர் பக்கமும் வேண்டும், குப்பை நாற்றத்தில் கடையைப் பூட்டிய முதலாளிமாரின் பக்கமும் வேண்டும். ஏசியவர்களும் வரலாம், ஏசியதை அப்படியே எழுதிக்கொள்வோம், பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

உங்கள் வீட்டில் பழைய சம்பளத் துண்டு, சங்க அங்கத்துவ அட்டை, சபையின் கடிதம், படம், துண்டுப் பிரசுரம் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். ஸ்கேன் பண்ணிவிட்டு அசலைக் கையிலேயே திருப்பித் தருவோம், யாரிடமும் எதையும் வாங்கி வைக்க மாட்டோம். ஒவ்வொரு ஞாயிறும் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை பொது நூலகத்தின் மேல்மாடியில் இருப்போம். படி ஏற முடியாத பெரியவர்கள் சொன்னால் வீட்டுக்கு வருகிறோம். முதல் ஆளாக வருவதாக அந்தக் காக்கா சொல்லியிருக்கிறார், பொலித்தீனோடு.